அவசரப் பிடிப்பும் ஓயாப் பிடிப்பும்

வயது ஏற ஏற மனிதனுக்குப் புத்தி வளருகிறது என்று ஓர் அபிப்பிராயம் உலகத்தில் இருந்து வருகிறது. வயதானவர்களாகிய நாங்களே அதைப் பரப்பியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். என்னுடைய அறுபத்தெட்டாவது வயதில், என் பேரனுடைய மோட்டார்ப் பிரயாணம் ஒன்றில் நான் செய்த காரியத்தை இங்கே சொல்லப் போகிறேன். கேட்ட பிறகு நேயர்கள் தாங்களே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளலாம்.

சென்ற வருஷம் என் மகளுக்கு அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாகாணத்தில், பிரசவம் ஆயிற்று. நானும் என் மனைவியும் பிரசவ லேகியம், ஊறுகாய், பழம் புடவைத் துணி முதலிய சகல ஆயுதங்களோடும் போய் இறங்கினோம். விமான நிலையத்தில் காத்திருந்த மாப்பிள்ளை எங்களை மோட்டாரின் பின் ஸீட்டில் ஏற்றிவிட்டு, "மாமா, பெல்ட்டைப் போட்டுக் கொள்ளுங்கள்" என்றார்.

நம் ஊரில் பின் ஸீட்டுப் பெல்ட் என்பது மெத்தையின் இடுக்கில் புதைந்து கிடக்கும் ஒரு வஸ்து. அதைத் தோண்டி எடுத்தவரை நான் கண்டதில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லும்போது மறுக்கலாமா? என்னுடைய சரீரம் சற்றுப் பருத்தது. ஆகையால் பட்டையைத் தாராளமாகவே, இனி வராது என்னும் வரையில், இழுத்து மாட்டிக் கொண்டேன்.

மாட்டிக் கொண்டு சாய்ந்தேனோ இல்லையோ, தோளருகில் "கிறிக், கிறிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பட்டை சற்று இறுகிற்று. மூச்சை விட்டேன், மறுபடியும் "கிறிக்" என்றது. மூச்சை இழுக்கலாமென்றால் அதற்கு இடம் இல்லை. இப்படி நான் ஒவ்வொரு தடவை அசையும்போதும் பெல்ட் என்னிடமிருந்து கொஞ்சம் இடத்தைப் பிடுங்கிக் கொண்டதே தவிர, பிடுங்கிய இடத்தில் ஓர் அங்குலத்தையாவது திருப்பிக் கொடுக்கவில்லை. பத்து மைல் போவதற்குள் சந்தைக்குப் போகும் மூட்டையின் நிலைமையை நான் அடைந்துவிட்டேன்.

"ஏன் முகமெல்லாம் இப்படிச் சிவந்திருக்கிறது?" என்று என் மனைவி கூவினாள். மாப்பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்தினார். "மாமா, பெல்ட்டைக் கழற்றி முழுவதும் உள்ளே போக விட்டுவிடுங்கள். பிறகு வேண்டிய அளவுக்கு மாத்திரம் மெதுவாக இழுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். என்ன ஆச்சரியம்! முன்னால் குனிந்தால் பெல்ட்டும் கூட வந்தது. பின்னால் சாய்ந்தால் அதுவும் சாதுவாகத் திரும்பிப் போயிற்று.

"பெல்ட் ரிப்பேர் போலிருக்கிறது" என்றேன்.

"ரிப்பேர் இல்லை, மாமா. அதற்கு இரண்டு விதமான பிடிப்பு உண்டு..." என்று அவர் விளக்கத் தொடங்கினார். பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருஷம் அணை மதகுகளை ஏற்றி இறக்கும் யந்திரங்களோடு பழகியவனுக்கு, கேவலம் ஒரு பெல்ட்டைப் பற்றிப் பாடம் சொல்ல ஒருவரா? "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். அந்த விளக்கத்தை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே ஏற்பட்டிராது.

ஆறு வாரம் சென்றது. மாப்பிள்ளை ஆபீஸ் காரியமாக வெளியூர் போயிருந்தார். அன்று குழந்தையை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அந்த வீட்டில் மோட்டார் இரண்டு. குழந்தையின் ஆசனம் ஒரு வண்டியில் பொருத்தியிருந்தது. என் மகளோ மற்றொரு வண்டியை ஓட்டிக் கொண்டு போக வேண்டியிருந்தது. ஆசனத்தை இடம் மாற்ற வேண்டும்.

அந்தத் தேசத்தில் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு மோட்டாரில் போக முடியாது. குழந்தைக்கென்று தனி ஆசனம் இருக்க வேண்டும் என்று எல்லா மாகாணங்களிலும் சட்டம் உண்டு. 1978-ம் வருஷத்தில் டென்னஸி மாகாணம் இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. கைக்குழந்தையின் ஆசனம் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கும். அதற்கு அடியில் ஒரு பீடம். அந்தப் பீடத்தை வண்டியின் கீழ்க் கொக்கிகளிலாவது, வண்டியின் பெல்ட்டினாலாவது பிணைக்க வேண்டும்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியும், தெரியும்" என்றேன் மறுபடியும்.

பீடத்தை ஸீட்டில் வைத்தேன். பெல்ட்டை அதற்குரிய வழியில் நுழைத்து, நாக்கைப் பூட்டில் செருகினேன். "டக்" என்று கேட்டது. இழுத்துப் பார்த்தேன், ஒருவாறு பிடித்தாற்போலத் தோன்றிற்று. பேரன் ஆசனத்தில் அமர்ந்தான். நெடுஞ்சாலையில் முப்பது மைல் போனோம். வளைவுகளில் வண்டி திரும்பிய போதெல்லாம் பேரனுடைய ஆசனம் மெள்ளச் சாய்ந்து மெள்ள நிமிர்ந்தது. "பார், தொட்டிலைப் போல ஆடுகிறது!" என்று நான் மகளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். இன்றைக்கு அந்த வார்த்தையை நினைத்தாலும் என் உடம்பு பதறுகிறது.

திரும்பி வரும் வழியில் மகளுக்கு என்னவோ மனசு சமாதானப்படவில்லை. தீயணைப்பு நிலையம் ஒன்றின் வாசலில் வண்டியை நிறுத்தினாள். அந்த ஊர்களில் இப்படி ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. குழந்தை ஆசனங்களைப் பொருத்துவதற்கென்றே பயிற்சி பெற்று அத்தாட்சி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் இவர்கள் தீயணைப்பு நிலையங்களில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சோதித்துக் காட்டுகிறார்கள்.

நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள் வந்தாள். பீடத்தில் பெல்ட் நுழைந்து செல்லும் இடத்தை ஒரு கையால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தாள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்பது கணக்கு. என் திருக்கரங்களால் கட்டிய பீடமோ கைப்பிடி அளவுக்கு நகர்ந்தது. "இதைக் கட்டியது யார்?" என்று அவள் கேட்டாள். என் மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே முன்னால் வந்து ஒப்புக் கொண்டேன்.

அந்த அம்மாள் என்னைக் கோபிக்கவில்லை. "எல்லாரும் செய்கிற தவறுதான்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை ஆறு வாரத்துக்கு முன்னால் சொல்ல வந்த பாடத்தைச் சொன்னாள். இந்தத் தடவை நான் "தெரியும்" என்று சொல்லவில்லை.

பெல்ட்டின் பட்டை, தூணுக்குள்ளாவது ஸீட்டுக்குப் பின்னாலாவது ஒளிந்திருக்கும் ஒரு சுருள் பெட்டியில் சுற்றப்பட்டிருக்கிறது. சாதாரண வேளையில் பட்டையை மெதுவாக இழுத்தால் வரும். விட்டால் உள்ளிருக்கும் வில் அதைத் திரும்பச் சுற்றிக் கொள்ளும். "இப்படி இஷ்டத்துக்கு வந்து போகிற பெல்ட் என்னத்தைக் காப்பாற்றப் போகிறது?" என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள்ளே இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள்.

முதல் காவலாளி வண்டியைக் கவனிக்கிறான். ஒரு சிறு கிண்ணத்தில் கோலிக்குண்டு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கிண்ணத்தைக் கையில் ஏந்தி நடந்து கொண்டே இருந்து, திடீரென்று நின்றால் என்ன ஆகும்? குண்டு கிண்ணத்தின் விளிம்பை நோக்கி ஏறும். சுருள் பெட்டியிலும் இப்படி ஒரு குண்டு இருக்கிறது. வண்டி சட்டென்று வேகம் குறைந்தால் குண்டு மேலே ஏறி ஒரு நெம்புகோலைத் தூக்குகிறது. அது பல்சக்கரத்தில் விழுந்தவுடன் சுருள் நின்று விடுகிறது. இரண்டாவது காவலாளி பட்டையைக் கவனிக்கிறான். பட்டை வெடுக்கென்று இழுபட்டால், வண்டி நிற்கிறதா போகிறதா என்று பாராமல், உடனே பிடித்துக் கொள்கிறான். இதை நான் அவசரப் பிடிப்பு என்று சொல்லுவேன்.

மேட்டில் நிறுத்திய வண்டியில் பெல்ட்டை இழுத்தால் சில சமயம் வராமல் முரண்டு செய்கிறதே, அதற்குக் காரணமும் இந்தக் குண்டுதான். சரிவிலும் அது உருளுமல்லவா? சுருள் 12 பாகை வரை சாய்ந்தால் பிடித்துக் கொள்ளக் கூடாது, 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் கட்டாயம் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் சொல்லுகின்றன. ஆகவே மலைப்பாதையில் பெல்ட் முரண்டு செய்தால் அதனோடு மல்யுத்தம் செய்ய வேண்டாம். கொஞ்சம் உள்ளே போக விட்டுவிட்டு நிதானமாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

இனி இரண்டாவது பிடிப்பு. பட்டையைக் கடைசி வரையில் இழுத்துவிட்டால் பெட்டிக்குள் வேறொரு கொண்டி பல்சக்கரத்தில் வந்து விழுகிறது. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது என்ன நடக்கிறது? ஒரு பக்கம் "கிறிக், கிறிக்" என்று திரும்புகிறது; மறுபக்கம் திரும்புவதே இல்லை. அதே வித்தைதான் இதுவும். பட்டை உள்ளே போகும், வெளியே வராது. இதை ஓயாப் பிடிப்பு என்று வைத்துக் கொள்ளலாம். மதகுகளை ஏற்றும் விஞ்சில் இதே கொண்டியையும் பல்சக்கரத்தையும் முப்பத்து நான்கு வருஷம் பார்த்தவன் நான்! விமான நிலையத்திலிருந்து வந்த அன்று, என் நெஞ்சின் மேலேயே அது "கிறிக், கிறிக்" என்று கூப்பிட்டுச் சொல்லியும் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிடிப்பு முக்கியமாக மனிதர்களுக்காக ஏற்பட்டதன்று. குழந்தை ஆசனத்துக்காக ஏற்பட்டது. மனிதன் தானாக நிமிர்ந்து உட்காருவான். விபத்து நேரும் க்ஷணத்தில் அவனைப் பிடித்தால் போதும். ஆசனமோ உயிரற்றது. அவசரப் பிடிப்பை மாத்திரம் நம்பி அதைக் கட்டினால், ஒவ்வொரு வளைவிலும் அது பட்டையை மெள்ள இழுத்துக் கொண்டு சாயும். மெள்ள இழுபடுவதால் காவலாளிகள் இருவரும் சும்மா இருப்பார்கள். கடைசியில் மோதல் நேரும்போது பெல்ட் பிடிக்கத்தான் பிடிக்கும். ஆனால் அதற்குள் ஆசனம் தளர்ந்து, இடம் மாறி, கோணலாக நிற்கும். பேரனுக்குத் தொட்டில் என்று நான் மகிழ்ந்தது இந்தத் தளர்ச்சியைத்தான்.

மாப்பிள்ளை கட்டியபோது ஓயாப் பிடிப்பில்தான் கட்டியிருந்தார். ஆனால் அது அந்த வண்டியின் பெல்ட். அன்றியும், பெல்ட்டைக் கழற்றி உள்ளே போக விட்டவுடன் ஓயாப் பிடிப்பு நீங்கி அவசரப் பிடிப்பு வந்துவிடுகிறது. ஆகையால் ஒவ்வொரு தடவை கட்டும்போதும் புதிதாகவே செய்ய வேண்டும். முறை இதுதான்: பட்டையை முறுக்கில்லாமல் ஆசனத்தின் வழியில் நுழைத்துப் பூட்ட வேண்டும். பிறகு தோள் பாகத்தை மெதுவாகக் கடைசி வரையில் இழுக்க வேண்டும். ஆசனத்தின் மேல் கையை ஊன்றி அழுத்திக் கொண்டே பட்டையை உள்ளே செலுத்த வேண்டும். "கிறிக், கிறிக்" என்று கேட்கும். கேட்காவிட்டால் காரியம் ஆகவில்லை என்று அர்த்தம். கடைசியில் பட்டை செல்லும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் நின்றால் சரி. கீழ்க் கொக்கி, பெல்ட் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. ஆசனத்தின் புஸ்தகம் அனுமதித்தாலொழிய ஏதாவது ஒன்றுதான்.

ஓயாப் பிடிப்பு ஆகாத இடங்களும் உண்டு. பெரியவர்களுக்கு அது அவசியமில்லை. எனக்கு நேர்ந்த கதிதான் நேரும். ஆசனப் பருவத்தைக் கடந்து, உயரப் பலகையின் மேல் உட்கார்ந்து வண்டியின் பெல்ட்டையே போட்டுக் கொள்ளும் குழந்தைக்கும் அவசரப் பிடிப்புத்தான் பொருத்தம்.

இன்னொரு விஷயத்தைத் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சும்மா தொங்கும் பெல்ட்டைக் குழந்தை விளையாட்டாக முழுவதும் இழுத்துக் கழுத்தில் சுற்றிக் கொண்டால், அதே "கிறிக், கிறிக்" யமனுடைய காலடிச் சத்தமாகி விடும். பட்டை இறுகிக் கொண்டே போகும், இழுத்தால் வராது. அப்படி நேர்ந்தால் தயங்காமல் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டிவிட வேண்டும். வராமலே காப்பதற்கு வழி: குழந்தைக்கு எட்டும் தூரத்தில் உபயோகப்படாத பெல்ட் இருந்தால், அதை வெறும் ஸீட்டின் மேலேயே பூட்டி, கடைசி வரை மெதுவாக இழுத்து, மீதத்தை உள்ளே போக விட்டு இறுக்கி வைக்க வேண்டும்.

இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் இந்தப் பெல்ட்டை ஸ்வீடன் தேசத்து நில்ஸ் போலின் என்பவர் வோல்வோ கம்பெனிக்காக அமைத்தார். அதற்கு முன்னால், ஆபத்துக் காலத்தில் விமானியை விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் ஆசனங்களை அமைத்துக் கொண்டிருந்தவர் அவர். மனிதனை வெளியே எறியக் கற்றவர், உள்ளேயே இருத்தி வைக்கவும் கற்றார்! 1959-ம் வருஷம் அந்தப் பெல்ட் மோட்டார்களில் வந்தது. பிற கம்பெனிகளும் அதை உபயோகிக்கலாம் என்று வோல்வோ திறந்து விட்டது. அந்நாளில் சுருள் பெட்டி கிடையாது. ஒவ்வொருவரும் தம் உடம்புக்குத் தக்கபடி நீளத்தைச் சரி செய்து கொண்டார்கள். சுருள் வந்து சௌகரியத்தைக் கொடுத்தது. ஆனால் குழந்தை ஆசனத்தை இறுக்கிக் கட்டுவதைக் கஷ்டமாக்கிற்று. ஆகவே 1995-ம் வருஷம் செப்டம்பர் முதல் அமெரிக்காவில் செய்யப்படும் கார்களில், குழந்தை ஆசனத்துக்காகப் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் வசதி இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். டிரைவரின் பெல்ட்டுக்கு மாத்திரம் இந்த விதி இல்லை. டிரைவர் இடத்தில் யாரும் குழந்தையை உட்கார வைக்கப் போவதில்லையல்லவா?

இந்தியாவுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், என் தம்பி மகனுடைய காரில் பின் ஸீட்டுப் பெல்ட்டைத் தோண்டி எடுத்துக் கடைசி வரை இழுத்துப் பார்த்ததுதான். "கிறிக்" சத்தம் கேட்கவில்லை. நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் அவசரப் பிடிப்பு மாத்திரமே இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் குழந்தை ஆசனத்தைக் கட்டுவதானால், கீழ்க் கொக்கிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், பட்டையைத் தானே பிடித்துக் கொள்ளும் பிடி உள்ள ஆசனமாகப் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் வண்டியில் எது உண்டு என்பதை அறிய ஐந்து நிமிஷம் போதும். வாசலில் வண்டி நிற்கும்போதே பட்டையை மெதுவாக முழுவதும் இழுத்து, சிறிது உள்ளே விட்டு, மறுபடியும் இழுத்துப் பாருங்கள். வந்தால் அவசரப் பிடிப்பு மாத்திரம். வராவிட்டால் இரண்டும் உண்டு.

"மடியில் அணைத்துக் கொண்டால் குழந்தைக்கு அதைவிடப் பாதுகாப்பு ஏது?" என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். நானும் அப்படிக் கேட்டவன்தான். பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் தடுத்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அதாவது இரண்டு நெல் மூட்டை. தாயின் அன்புக்கு எல்லை இல்லை. அவள் கைகளுக்கு எல்லை உண்டு. அதே வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி வீட்டின் உச்சியிலிருந்து, விழுவதற்குச் சமானம்.

பின் ஸீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்பது மற்றொரு மயக்கம். 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அகமதாபாத்திலிருந்து மும்பை வரும் சாலையில் நடந்த விபத்தில் தொழிலதிபர் ஸைரஸ் மிஸ்திரி காலமானார். உயர்ந்த ரக வண்டிதான். பின் ஸீட்டில் இருந்த இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். 2019-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி, பெல்ட் அணியாவிட்டாலும், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டிலோ ஆசனத்திலோ பிணைக்காவிட்டாலும் அபராதம் ஆயிரம் ரூபாய். உயிரோடு ஒப்பிட்டால் மிக மலிவான தொகைதான்.

நியூ ஜெர்ஸியில் அன்று மாலை நடந்ததைச் சொல்லி முடித்து விடுகிறேன். அந்த அம்மாள் பீடத்தை முழுவதும் கழற்றிவிட்டு, "இப்போது நீங்களே கட்டுங்கள்" என்றாள். கை சற்று நடுங்கிற்று. நுழைத்தேன், பூட்டினேன், கடைசி வரை இழுத்தேன், ஒரு கையைப் பீடத்தில் ஊன்றிப் பட்டையை உள்ளே செலுத்தினேன். "கிறிக், கிறிக், கிறிக்." அவள் அசைத்துப் பார்த்தாள். பீடம் அசையவில்லை, வண்டியே அசைந்தது.

வீடு சேரும் வரையில் வளைவுகளில் பேரனுடைய ஆசனம் சாயவும் இல்லை, ஆடவும் இல்லை. அவன் நிம்மதியாகத் தூங்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வழியெல்லாம் அந்தப் பீடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கொண்டே வந்தேன்.

மறுநாள் ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளையிடம் நானே போய், "அன்றைக்கு என்னவோ இரண்டு பிடிப்பு என்று சொல்ல வந்தீர்களே, அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றேன். அவர் முதலிலிருந்து கடைசி வரை விவரமாகச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தேன்.